தலைவரின் சாவிக்கொத்து

நம்பிக்கை உள்ள மனிதனின் வண்டி நடுத்தெருவில் நிற்காது. இது வேதத்தில் இருக்கிறதா என்று கேட்டால் ஸ்டானிஸ்லாஸ் இருக்கிறது என்றுதான் சொல்வார். எந்த அதிகாரம் என்று கேட்க இதுவரை யாரும் துணிந்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, காசிமேட்டில் ஐஸும் வஞ்சிரமும் ஏற்றிக்கொண்டு கல்மண்டபம் பக்கம் திரும்பும்போது அவர் இதையே இன்னொரு முறை சொல்லி, அழுத்தத்துக்காக ஸ்டியரிங்கில் ஒரு தட்டும் தட்டினார்.

அடுத்த வேகத்தடையில் வண்டி நின்றது.

"இறங்கு ஜானு," என்றார்.

அவர் சொல்வதற்குள் ஜானட் பாதி இறங்கியிருந்தாள். பெட்ரோலில் ஓடும் அந்தப் பழைய பிக்கப் நின்றால் தள்ளுவது மனைவியின் பொறுப்பு, உள்ளே உட்கார்ந்து வேண்டிக்கொள்வது கணவரின் பொறுப்பு என்று அவர்களுக்குள் எப்போதோ ஏற்பாடாகியிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் வடசென்னை சிறுசரக்கு வாகன உரிமையாளர் நல முன்னேற்றச் சங்கத்தின் தலைவர். தலைவரே வண்டி தள்ளினால் உறுப்பினர்கள் என்ன நினைப்பார்கள்? உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் வண்டியை விற்றுவிட்டார்கள்.

பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் தலையை நீட்டினான். "இன்னாக்கா, அவரு ராஜா மாதிரி குந்திகினு கீறாரு, நீ தள்ளிகினு கீறே?"

"ஸ்டியரிங்க யாரு புடிக்கிறது நைனா? உங்கப்பனா?"

"நீ புடி, அவரு தள்ளட்டும்."

ஜானட்டுக்கும் அந்த யோசனை வந்ததுண்டு. அதை வெளியே சொன்னதில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே மூச்சில் தள்ளினாள். வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. ஸ்டானிஸ்லாஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வானத்துக்கு நன்றி சொன்னார்.

திரும்ப ஏறி உட்கார்ந்தபோது ஜானட்டின் மனம் வேறு எங்கோ இருந்தது. டேஷ்போர்டின் மேல் நீல பல்பு எரியும் சின்ன மாதா சுரூபம் உண்டு. அதற்குப் பக்கத்தில் எப்போதும் ஜெபமாலைப் பாட்டு பாடிக்கொண்டிருக்கும் பெட்டி. வண்டி நிற்பதற்கு முன்னால் மாதா அணைந்தாள். அதே நொடியில் பாட்டும் அறுந்தது. இன்ஜின் அதற்கப்புறம்தான் இரண்டு இருமல் இருமி அடங்கியது.

"ஏங்க, மாதா ஏன் முதல்ல அணையிறா?"

"அவளுக்கு முன்கூட்டியே தெரியும்," என்றார் ஸ்டானிஸ்லாஸ் கம்பீரமாக.

ஜானட்டுக்கு ஒரு வியாதி உண்டு. ஏன் என்று தெரியாமல் எதையும் விட முடியாது. வீட்டில் மிக்ஸி நின்றாலும் சரி, பக்கத்துத் தெருவில் கல்யாணம் நின்றாலும் சரி, காரணம் தெரிந்தால்தான் சோறு இறங்கும். மாதாவுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதை அவள் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிந்தது?

*

வண்டி நிற்க ஆரம்பித்தது தவக்காலம் முடிந்த பிறகு. முதல் தடவை நின்றபோது ஜானட்டே வேளாங்கண்ணியிலிருந்து வந்த பதக்கம் ஒன்றைச் சாவியில் கோத்துவிட்டாள். இரண்டாவது தடவை நின்றதைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா ரஹீமுன்னிசா, தர்காவில் ஓதி வாங்கிய வெள்ளித் தாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். முனையில் மீன் விற்கும் கன்னியம்மாவுக்கு இது பொறுக்குமா? அவள் திருவொற்றியூருக்குப் போய்ச் சின்ன சூலம் ஒன்று வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டினாள். இப்படியே நிற்கிற தடவைக்கு ஒன்றாக, அந்தோணியார் வந்தார், ஒரு சிலுவை வந்தது, மூன்று முடிச்சு போட்ட சிவப்புக் கயிறு வந்தது. யார் எதைக் கொடுத்தாலும் ஸ்டானிஸ்லாஸ் கண்ணில் ஒற்றிச் சாவியில் சேர்த்துக்கொண்டார். வண்டி மட்டும் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. முன்பு வாரத்துக்கு ஒருமுறை நின்றது, இப்போது தினமும் நின்றது.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே அந்த வளையத்தில் குடியேறிய ஒன்று உண்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பலகை. சங்கம் தொடங்கிய ஜோரில், அலுவலகக் கதவில் மாட்டுவதற்காக ஸ்டானிஸ்லாஸ் வார்க்கச் சொன்னது. 'தலைவர்' என்று மேலே, அவர் பெயர் கீழே. பலகை வந்துவிட்டது, அலுவலகம் வரவில்லை. கதவு இல்லாத பலகையை வீட்டில் வைத்தால் ஜானட் அதன்மேல் டம்ளர் வைத்தாள். அதனால் ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டு வண்டிச் சாவியில் தொங்கவிட்டார். ஓட்டும்போது அது அவர் முழங்காலில் இடிக்கும். அந்த இடி அவருக்குப் பிடிக்கும்.

வண்டியைத் தண்டையார்பேட்டை தவசிமுத்துவிடம்தான் காட்டிவந்தார்கள். அவன் ஷெட்டின் பெயர் வாகன மருத்துவமனை. தவசிமுத்து கழுத்தில் நிஜமான ஸ்டெதஸ்கோப் தொங்கும். இன்ஜின் மூடியைத் தூக்கி, குழாயைக் காதில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். கேட்டுக்கொண்டே பெருமூச்சு விடுவான். வந்தவர்கள் அந்தப் பெருமூச்சிலேயே பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் பிளக்கை மாற்றினான். பிறகு காயில். பிறகு கண்டென்சர். பிறகு, காயில் தனியாக இருந்தால் வருத்தப்படும் என்பதுபோல, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. நோய் எங்கே என்று தெரியாதபோது உறுப்புகளை வரிசையாக மாற்றிப் பார்ப்பதும் ஒரு வைத்திய முறைதான்.

புதன்கிழமை வண்டியை எடுத்துவரப் போனபோது அவன் தேறின நோயாளியைக் காட்டும் டாக்டர் முகத்தோடு நின்றான்.

"தலைவரே, காயில் சூடுதான். மன்சனுக்கு ரத்தக்கொதிப்பு மாதிரி. திருவொற்றியூர் தேரடி வரிக்கும் போய்ட்டு வந்தேன். ஒரு தபா நிக்கலையே!"

"போன தடவையும் உங்கிட்ட நிக்கல," என்றாள் ஜானட். "அதுக்கு முன்னாடியும் நிக்கல. எங்ககிட்ட வந்தாதான் நிக்குது."

"டாக்டர்கிட்ட வந்தா ஜுரம் இறங்கிடும்க்கா. பயம்."

"பாட்டுப் பெட்டி ஏன் நிக்குது? மாதா ஏன் அணையிறா? காயில் போனா இன்ஜின்தானே நிக்கணும்?"

தவசிமுத்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றித் துடைத்தான். அவனுக்கு விடை தெரியாத கேள்விகள் வரும்போதெல்லாம் அந்தக் குழாய் அழுக்காகிவிடும். "அது வேற டிபார்ட்மெண்ட்டு," என்றான் கடைசியில். பிறகு சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

ஸ்டானிஸ்லாஸ் கொத்தை யாரிடமும் விட்டுப்போகமாட்டார். ஷெட்டில் கொடுப்பது எப்போதும் மாற்றுச் சாவிதான். நூல் கூடக் கோக்காத மொட்டைச் சாவி. ஜானட் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேரடி வரை போய் வந்தது இந்தச் சாவி. ஒரு சாமியும் துணைக்கு இல்லாமல் போய் வந்திருக்கிறது. இந்த யோசனை பாவமா என்று ஒரு கணம் தயங்கி, சாவியைத் தன் சுருக்குப் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை தேவதூதரான மிக்கேல் சம்மனசின் திருநாள். வருஷா வருஷம் சம்மனசின் சுரூபம் ஸ்டானிஸ்லாஸ் வண்டியில்தான் தெருக்களைச் சுற்றும். வாளும் இறக்கையுமாகச் சம்மனசு மேலே நிற்க, கீழே வெள்ளைச் சட்டையில் ஸ்டானிஸ்லாஸ் ஸ்டியரிங் பிடித்திருப்பார். ஒவ்வொரு தெருமுனையிலும் முதல் மாலை சம்மனசுக்கு, இரண்டாவது மாலை டிரைவருக்கு. சங்கம் போனாலும் அவர் சாப்பிடுவார். அந்த சீட் போனால் சாப்பிடமாட்டார். இது ஜானட்டுக்குத் தெரியும்.

விழாக் குழுச் செயலாளர் பிராங்கிளினுக்கும் தெரியும். பிராங்கிளின் புது வண்டி வாங்கியிருந்தான். கதவைச் சரியாக மூடாவிட்டால் உள்ளிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் கண்டிக்கும். அந்தக் குரலுக்காகவே அவன் கதவைச் சரியாக மூடுவதில்லை.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் பங்குச் சாமியார் முன்னிலையில். "சம்மனசு நடுரோட்டுல நின்னுட்டா, பிசாசுதான் சிரிக்கும்."

சாமியாருக்குப் பிசாசைவிட டிராஃபிக் போலீஸ்மேல் பயம் அதிகம். "சனிக்கிழமை சாயங்காலம் பவனி போற தெருவெல்லாம் ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க," என்றார் ஸ்டானிஸ்லாஸிடம். "நின்னுச்சுன்னா, இந்த வருஷம் பிராங்கிளின் வண்டி."

"நிக்காது ஃபாதர். நம்பிக்கை உள்ளவன் வண்டி..."

"ஓட்டிக் காட்டுங்க," என்றார் சாமியார்.

*

வியாழக்கிழமை எண்ணூருக்குச் சரக்கு. ஒரு கம்பெனி கேன்டீனுக்கு மீன். எண்ணூர் விரைவுச் சாலையில் விரைவு என்பது பெயரில் மட்டும்தான். கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. ஜானட் சாலையைப் பார்க்கவில்லை. கால்மணி நேரமாக மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சாவிக்கொத்து ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய் டமாரென்று முழங்காலில் இடித்துத் தொங்கியது. மாதா அணைந்தாள். பாட்டு அறுந்தது. இன்ஜின் இருமியது.

"இறங்கு ஜானு."

"இருங்க."

"பின்னாடி டிரெய்லர்காரன் ஹாரன் அடிக்கிறான்!"

"அடிக்கட்டும். அவன் ஹாரன், அவன் பேட்டரி."

அவள் கையை நீட்டி, உள்ளங்கையைக் கொத்துக்கு அடியில் கொடுத்து, மெல்ல மேலே தூக்கினாள்.

மாதா எரிந்தாள். அருள் நிறைந்த என்று விட்ட இடத்திலிருந்து பாட்டு மரியே என்று தொடர்ந்தது.

கையை விட்டாள். இருட்டு. மௌனம். தூக்கினாள். வெளிச்சம். விட்டாள். தூக்கினாள். ஸ்டானிஸ்லாஸ் வாயைத் திறந்தபடி, மாதாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். ஜானட்டுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பண்டிகைக்கு முதல் நாள் சீரியல் செட்டில் செத்த பல்பைக் கண்டுபிடித்தவள் சிரிக்கிற சிரிப்பு.

"கைய எடு, ஜானு. சாமி சமாச்சாரம்."

"சாமி சமாச்சாரம் இல்ல. சாவி சுவிட்சு தேஞ்சு போய் கீது. இந்த மூட்டை தொங்கி, சாவிய இழுத்துகினே கீது. பள்ளத்துல குதிச்சா சாவி கொஞ்சம் பின்னாடி திரும்பிடுது. யாரோ வண்டிய ஆஃப் பண்ண மாதிரி. செல்ஃப் போடுங்க."

"செல்ஃப் போட்டா பேட்டரி போயிடும். தள்ளித்தான்..."

"போடுங்கன்றேன்."

போட்டார். தொட்டவுடன் கிளம்பியது. ஜானட் சிரிப்பை நிறுத்தினாள். தவக்காலம் முடிந்ததிலிருந்து இன்றுவரை அவள் தள்ளிய தள்ளல்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன: பாலத்து ஏற்றத்தில், மழையில், ஒருமுறை புதுச் சேலையோடு. ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்கவில்லை. சாவியைத் திருப்பியிருந்தால் போதும். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சாலையை மிகுந்த கவனத்தோடு பார்த்தார்.

பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல் கொத்தைக் கையில் தாங்கியபடியே அவள் எண்ணூர் வரை போனாள். எத்தனையோ பள்ளம். வண்டி நிற்கவில்லை. இறங்கும்போது ஸ்டானிஸ்லாஸ் சொன்னார்: "பாத்தியா, நான் உள்ளுக்குள்ள ஜெபம் பண்ணிகினே வந்தேன்."

*

விஷயம் தெருவுக்குப் பரவியதும் பெரிய பேஜாரு ஆகிவிட்டது. கொத்தின் கனம்தான் வண்டியை நிறுத்துகிறது என்றால், யாருடைய கனம்?

"என் தாயத்து எவ்ளோ இருக்கும்? ஒரு ஏலக்கா அளவு," என்றாள் ரஹீமுன்னிசா, வாசலில் நின்று. "சூலம்தான் இரும்பு."

"ஏய், என் சூலத்த சொல்லாதே!" கன்னியம்மா மீன்கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். "சாமி கோச்சிக்கும். அந்தச் சிலுவைய பாரு, என்னா மொத்தமா கீது! இன்னா தலைவரே, வாய தொறந்து சொல்லு, யாருத நீ கழட்டப் போறே?"

ஸ்டானிஸ்லாஸ் கையை உயர்த்தினார். இப்படிப்பட்ட சமயங்களில்தான் தாம் தலைவர் என்பது அவருக்கு உறுதியாகும். "பாரபட்சம் கெடயாது," என்றார். "எல்லாத்தையும் கழட்டறேன். பதக்கம், தாயத்து, சூலம், சிலுவை, கயிறு, எல்லாம் டேஷ்போர்டுல ஒரு டப்பாவுல மரியாதையா வரும். சாவியில பலகை மட்டும் இருக்கும். அது சாமி இல்ல. அது அலுவல்."

தெருவுக்கு இந்த நியாயம் பிடித்திருந்தது. ஜானட் மட்டும் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பலகையும்..." என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம். சாமியார், விழாக் குழு, கொடிமரத்தடியில் பாதித் தெரு. பிராங்கிளின் தன் வண்டியைச் சற்றுத் தள்ளி, துடைத்து, கதவை லேசாகத் திறந்து வைத்திருந்தான். ஸ்டானிஸ்லாஸ் வெள்ளைச் சட்டையில் ஏறி உட்கார்ந்தார். சாமிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் மாதாவுக்குப் பக்கத்தில். சாவியில் பலகை தனியாக, முன்பைவிட மினுங்கிக்கொண்டு தொங்கியது. காலையில்தான் புளி போட்டுத் தேய்த்திருந்தார்.

வண்டி கிளம்பியது. கோயில் வாசல் வேகத்தடையில் ஏறியது. பலகை முழங்காலில் இடித்தது. மாதா அணைந்தாள். வண்டி நின்றது.

கூட்டம் வண்டியைச் சுற்றிக்கொண்டது.

"சாமிங்கள எல்லாம் பிஸ்கட் டப்பாவுல போட்டா நிக்காம இன்னா பண்ணும்!" என்றாள் கன்னியம்மா. பாதித் தெரு ஆமாம் என்றது. ரஹீமுன்னிசாகூட ஆமாம் என்றாள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

கூட்டத்திலிருந்து தவசிமுத்து ஸ்டெதஸ்கோப்போடு முன்னே வந்தான். "கண்டென்சர் திரும்பவும்..." என்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. பிராங்கிளினின் வண்டி பீப் பீப் என்று பின்னால் வரத் தொடங்கியிருந்தது. இங்கிலீஷ் அம்மா கதவை மூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜானட் ஜன்னல் அருகே போனாள். ஸ்டானிஸ்லாஸ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் காது சிவந்திருந்தது. இன்றைக்கு வேண்டிக்கொள்ளக்கூட இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

சுருக்குப் பர்ஸைத் திறந்து மொட்டைச் சாவியை நீட்டினாள்.

"இத்தப் போடுங்க."

"இதுவா?" அவர் சாவியைப் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லாம கீதே ஜானு. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"சம்மனசு மேல நிக்கப் போறாரு. கீழ எந்தச் சாவின்னு குனிஞ்சி பாக்கமாட்டாரு."

அவர் பலகையைக் கழற்றவில்லை. சாவியோடு அப்படியே உருவி மடியில் வைத்துக்கொண்டு, மொட்டைச் சாவியைப் போட்டார். மாதா எரிந்தாள். வண்டி வேகத்தடையிலிருந்து இறங்கி, தெருமுனை திரும்பி, மீன்பிடித் தெருச் சந்துகளில் குதித்துக் குதித்துப் போய், ஒரு முழுச் சுற்று சுற்றி, பாடிக்கொண்டே திரும்பிவந்தது. பிராங்கிளின் தன் வண்டிக் கதவை இறுக்கி மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை பவனியும் அப்படியே நடந்தது. முதல் மாலை சம்மனசுக்கு, இரண்டாவது மாலை ஸ்டானிஸ்லாஸுக்கு. அவர் மூக்குவரை மாலை.

திங்கட்கிழமை ஆளாளுக்குப் பெருமை எடுத்துக்கொண்டார்கள். காயில் இப்போதுதான் செட்டாகியிருக்கிறது என்றான் தவசிமுத்து. நம்பிக்கை என்றார் ஸ்டானிஸ்லாஸ். ஆனால் ரஹீமுன்னிசாவுக்கும் கன்னியம்மாவுக்கும் பாக்கி ஒன்று இருந்தது: கொத்தில் கனம் அதிகம் தாயத்தா, சூலமா? ஜானட்டுக்கும் அது தெரிந்தாக வேண்டும்; அவள் வியாதி அப்படி. பிஸ்கட் டப்பாவையும் பலகையையும் தூக்கிக்கொண்டு முனைக்குப் போனாள். கன்னியம்மா மீன் நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசைத் தண்ணீர் விட்டுக் கழுவி, முந்தானையால் துடைத்து, நடுவில் வைத்தாள். தெரு சுற்றி நின்றது. ஸ்டானிஸ்லாஸ் நடுவர் என்ற முறையில் முன்னால் நின்றார்.

தாயத்து, சூலம், வேளாங்கண்ணிப் பதக்கம், அந்தோணியார், சிலுவை, சிவப்புக் கயிறு எல்லாம் சேர்த்து எழுபது கிராம்.

பலகை நானூற்றுப் பத்து.

ஸ்டானிஸ்லாஸ் தராசைச் சரிபார்க்கச் சொன்னார். கன்னியம்மா ஒரு கிலோ படிக்கல்லை எடுத்து வைத்தாள். தராசு சரியாக இருந்தது.